விஷக்காவின் கொட்டகை

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் விஷக்கா. நகரத்துக் குப்பைக் கிடங்கின் ஒரு மூலையில், சுவரில்லாத தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, வீடுகளில் தங்கிப்போன விஷச் சாமான்களை வாங்கி வைப்பது அவள் வேலை. மிச்சமான பூச்சி மருந்து, காலாவதியான மாத்திரை, பாதி பெயிண்ட், வீங்கிப்போன செல்போன் பேட்டரி, குழல் விளக்கு, கக்கூஸ் கழுவும் ஆசிட். வாசல் பலகையில் என்னவோ நீளமாக எழுதியிருந்தார்கள். ஜனங்கள் அதைச் சுருக்கி விஷக்கொட்டகை ஆக்கி, அதில் இருந்த அக்காவை விஷக்கா ஆக்கிவிட்டார்கள். அதற்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள அவளிடம் வேறு காரணங்கள் நிறைய இருந்தன.

நல்ல உயரம், அகன்ற தோள். குரலை உயர்த்தினால் கிடங்கு நாய்கள் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுக்கும்.

சின்ன வயதிலேயே கல்யாணம் ஆயிற்று. புருஷன் லாரிப் பட்டறையில் வெல்டர். சட்டென்று கை ஓங்குகிறவன். சோறு ஆறியிருந்தால் அடி, சூடாக இருந்தாலும் அடி. "ஏன் அடிக்கிறான்னு யோசிச்சு யோசிச்சே கொஞ்ச காலம் வீணாப் போச்சு. அவனுக்கு அடிக்கப் புடிச்சிருந்தது, அவ்வளவுதான்" என்பாள். ஒருநாள் அவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சமையலறைச் சுவரில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவள் உதறிக்கொண்டு பக்கத்து அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தப் போனாள். அவன் இடுக்கில் கையை விட்டான். அவள் கதவை விடவில்லை. முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினாள். விரல் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது, அப்போதும் விடவில்லை. அவன் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். அவள் கத்தியபோதெல்லாம் வராதவர்கள்.

சேதி கேட்டு வந்த தம்பி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "அக்கா, செருப்பப் போடு. கெளம்பு" என்றான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் திரும்பவே இல்லை.

தம்பி குப்பை வண்டியில் வேலை பார்த்தான். மேஸ்திரியிடம் சொல்லி அக்காவையும் சேர்த்துவிட்டான். பின்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு, போட்டதையெல்லாம் இரும்புத் தட்டால் நசுக்கி விழுங்குமே, அந்த வண்டி. அக்கா பைகளைத் தூக்கி வீசுவாள், தம்பி லிவரை இழுத்து நசுக்குவான். கட்டிய பைக்குள் என்ன இருக்கிறதென்று எந்தச் சாமிக்கும் தெரியாது. ஊசி குத்தும். கண்ணாடி கிழிக்கும். ஒருமுறை ஸ்பிரே டப்பா ஒன்று தட்டுக்கடியில் வெடிக்க, டிரைவர் அண்ணன் "யாருடா சுட்டது!" என்று ஸ்டீயரிங்குக்குக் கீழே புகுந்துகொண்டார். அதைச் சொல்லிச் சொல்லி வாரம் முழுக்கச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஒரு காலையில் நின்றது. அடுக்குமாடி வீடுகள் இருக்கிற தெரு. சுவரோரம் யார் யாரோ வைத்துவிட்டுப் போன பைகள் குவிந்து கிடந்தன. அவள் ஒரு கறுப்புப் பையைத் தூக்கினாள். கொஞ்சம் கனம்தான். வீசினாள். தம்பி லிவரை இழுத்தான். தட்டு இறங்கியது. உள்ளே டப்பென்று ஏதோ உடைந்தது. அடைத்துக்கொண்ட குழாயில் ஊற்றும் ஆசிட் ஒரு பாட்டில், துணி வெளுக்கும் ப்ளீச்சிங் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டையும் யாரோ ஒரே பையில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தட்டு அமுக்கிய வேகத்தில் அது பீறிட்டு வந்து தம்பியின் முகத்தில் அடித்தது. பின்னாலேயே மஞ்சளும் பச்சையுமாகப் புகை.

தம்பி கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வரவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பிறாண்டினான். பிறாண்டிய இடத்தில் தோல் நகத்தோடு வந்தது.

அவள் அவனைச் சட்டைக் காலரைப் பிடித்துப் புகைக்கு வெளியே இழுத்தாள். டிரைவர் அண்ணன் குடிக்கிற தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். அந்தத் தண்ணீர் ஒரு கண்ணுக்குக் கூடப் போதவில்லை. வண்டியில் வேறு தண்ணீர் கிடையாது. எதிர் வீட்டில் ஒருவர் ரப்பர் குழாயால் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், தண்ணி! தண்ணி குடுங்க சார்!" என்று அவள் ஓடினாள்.

அவர் பார்த்தார். கையெல்லாம் ரத்தமாக ஒருத்தி, நடுத்தெருவில் உருளுகிற ஒருத்தன். குழாயைக் கீழே போட்டார். கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "உங்க சண்டைய வேற எங்கயாவது வச்சுக்குங்க. இங்க வேணாம்."

கீழே கிடந்த குழாயிலிருந்து தண்ணீர் சும்மா தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது மட்டும்தான் கண்ணில் பட்டது. வண்டியில் செருகியிருந்த மண்வெட்டியை உருவிக்கொண்டு கேட்டின்மேல் ஏறி உள்ளே குதித்தாள். கார்க்காரர் இரண்டு கையையும் நீட்டி மறித்தார். மண்வெட்டிக் காம்பால் ஒரே போடு. தாடை கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. அவர் காரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

தாழ்ப்பாளைத் திறந்தாள். அவளும் டிரைவர் அண்ணனுமாகத் தம்பியைத் தூக்கி வந்து கார் நிறுத்துமிடத்தில் படுக்கப்போட்டார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் முகத்தில் தண்ணீரைப் பிடித்தாள். திமிறினான், மார்பில் முட்டியைக் கொடுத்து அமுக்கினாள். கண்ணைத் திறக்கமாட்டேன் என்று இறுக்கினான், விரலால் இமையைப் பிரித்தாள். மாடியில் கார்க்காரரின் மனைவி "போலீஸ்! போலீஸ்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தாடையைப் பிடித்தபடி கார்க்காரர் அத்தனையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தம்பிக்கு இடக்கண் போய்விட்டது. வலக்கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. அந்தப் பை யார் வீட்டுப் பை என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்தது கார்க்காரரின் தாடை மட்டும்தான். அதற்கு வழக்கு வந்தது. சில நாள் உள்ளே இருந்தாள். வேலையிலிருந்தும் நிறுத்தி வைத்தார்கள். கோர்ட்டில் டிரைவர் அண்ணன் நடந்ததை நடந்தபடியே சொன்னார். நீதிபதி கார்க்காரரைப் பார்த்து, "கேட்டை ஏன் சாத்தினீங்க?" என்று கேட்டார். அவர் வாயில் கம்பி கட்டியிருந்தது. கொஞ்ச நாளில் அவரே சமாதானத்துக்கு இறங்கி வந்தார். அவள் மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார்கள்.

"அடிச்சது தப்புதான் சார். கேட்டத் தொறந்திருந்தா அடிச்சிருக்க மாட்டேன்" என்றாள்.

இது மன்னிப்பா இல்லையா என்று இரண்டு வக்கீல்களும் சற்று நேரம் குழம்பிவிட்டு, மன்னிப்பு என்றே வைத்துக்கொண்டார்கள்.

வழக்கு முடிந்தது. வீட்டில் முடியவில்லை. இரண்டு அறை வீடு அது. ஒன்றில் தம்பியும் அவன் மனைவியும், சமையல் நடக்கிற அறையில் அவள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தம்பி வேறு ஆளாக இருந்தான். முன்பு வீடே அதிரச் சிரிப்பவன். இப்போது நாற்காலி தடுக்கினால் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். தட்டில் கை தவறினால் தட்டு பறந்தது. அவன் மனைவி சோப்புக் கம்பெனியில் டப்பா அடுக்குகிறவள், அதிகம் பேசாதவள். ஒருநாள் அக்கா வெளியே போய்விட்டு உள்ளே வந்தபோது தம்பி மனைவியின் கன்னத்தில் அஞ்சு விரலும் பதிந்திருந்தது.

"என்ன இது?" என்று விஷக்கா கேட்டாள். அப்போது அவளுக்கு இன்னும் அந்தப் பெயர் வரவில்லை.

"உங்க தம்பிக்குக் கண்ணுதான் போச்சு அண்ணி. கை நல்லாத்தான் இருக்கு."

அடுத்த அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவனை அவள் சட்டையோடு தூக்கித் தரையில் போட்டாள். அவன் எழுந்து காற்றில் கையை வீசினான், ஒரு வீச்சு அவள் காதில் பட்டது. அவள் அவன் கையை முறுக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், முகத்தைத் தரையோடு அழுத்தினாள். புண் ஆறாத முகம். வலியில் ஊளையிட்டான்.

"என்னக் கூட்டிட்டுப் போக நீ வந்த. இவளக் கூட்டிட்டுப் போக யாருடா வரணும்? சொல்லுடா. யாரு வரணும்?"

பிடியை விட்டாள். ரொம்ப நேரம் தரையிலேயே கிடந்தான். மனைவி வந்து தண்ணீர் கொடுத்தபோது வாங்கிக் குடித்தான். அதற்குப் பிறகு அவளை அவன் அடிக்கவில்லை. ஆனால் கோபம் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

விபத்துக்குப் பிறகு எழுந்த கூச்சலில்தான் நகராட்சி அந்தக் கொட்டகையைக் கட்டியது. மேஸ்திரி அவளைக் கூப்பிட்டு, "உன்ன மறுபடி தெருவுல விட்டா இன்னும் எத்தன தாடை போகுமோ. இங்க உக்காரும்மா" என்றார்.

"தண்ணி இல்லாத எடத்துல உக்கார மாட்டேன்" என்றாள்.

"குடிக்கத் தண்ணி வச்சுத் தர்றோம்மா."

"குடிக்க இல்ல. குழாய் வேணும். திருகினா பீச்சியடிக்கணும். நீளமா ரப்பர் குழாய் மாட்டியிருக்கணும்."

குழாய் வந்த பிறகுதான் அவள் வந்தாள். கூடவே தம்பியையும் கூட்டி வந்தாள். பகல் முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்தால் அவன் எதையாவது உடைப்பான். இங்கே ஒரு ஸ்டூலில் பின்பக்கம் உட்கார்ந்து, வருகிறவர்கள் போகிறவர்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கொட்டகையில் ஆசிட்டுக்குத் தனித் தொட்டி, பெயிண்டுக்குத் தனி பீப்பாய், ஸ்பிரே டப்பாவுக்கு நிழலில் கம்பிக் கூண்டு, குழல் விளக்குக்கு நீளமான பெட்டி. எது எதோடு சேரக்கூடாது என்பதை அவள் சம்பந்திச் சண்டை மாதிரி விளக்குவாள். "இந்தப் பொண்ணு வீட்டாரையும் அந்த மாப்ள வீட்டாரையும் ஒரே ரூம்ல வச்சா என்ன ஆகும்? அதேதான். தள்ளி வைங்க." வருகிற பெண்கள் வம்புக்கு இழுப்பார்கள். "அக்கா, எங்க வீட்ல ஒரு பெரிய விஷம் இருக்கு. பேப்பர் படிச்சிட்டு சோபாவுல கெடக்குது. கொண்டாரட்டுமா?" அவள் முகம் மாறாமல், "உசுரோட எடுக்கறதில்லம்மா. சட்டம் அப்படி" என்பாள்.

எல்லா நேரமும் வேடிக்கை இல்லை. ஒருவர் பையில் போட்டுக் கொண்டுவந்த பேட்டரி அவர் நீட்டும்போதே சீறித் தீப்பிடித்தது. அவள் அதைத் தட்டிவிட்டு மணல் வாளிக்குள் உதைத்துத் தள்ளினாள், உதைத்த செருப்பு உருகிவிட்டது. இன்னொருவர் பூச்சி மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தார். வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் என்றார். "உங்க வீட்ல கொழந்த இருக்கா?" இருக்கிறது என்றார். அடுத்த நொடி கையில் கிடைத்த ரப்பர் கையுறையால் அவரைத் தோளிலும் முதுகிலும் விளாசிக்கொண்டே கேட் வரை துரத்தினாள். மேஸ்திரிக்குப் புகார் போனது. மேஸ்திரி வந்து, "கையுறை நகராட்சி சொத்து, அதால யாரையும் அடிக்கக்கூடாது" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

பேட்டரிக் கடைக்காரன் ஒருவனின் மனைவி வந்தது ஒரு மத்தியான வேளையில். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பக்கெட்டுக்குள் துணி சுற்றிய கேனை வைத்து, அதை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். கழுத்தில் பச்சை நிறமாகப் பழைய காயம். காதோரம் புதுக் காயம்.

"அக்கா, இது பேட்டரில ஊத்துற ஆசிட். எடுத்துப்பீங்களா?"

"எடுத்துக்கத்தான உக்காந்திருக்கேன். கடை வச்சிருக்கீங்களா?"

"அவர் வச்சிருக்கார். கடையில இருக்க வேண்டியது. போன வாரம் வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார்."

"வீட்ல எதுக்கு?"

அவள் பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பாத்ரூம் கதவுக்குப் பக்கத்துல வச்சிருக்கார். தெனம் குளிக்கப் போறப்ப நான் அதப் பாத்துட்டுப் போகணுமாம். வேலைக்குப் போறேன்னு இன்னொரு வாட்டி வாயத் தொறந்தா மூஞ்சில ஊத்துவாராம்."

பின்னால் ஸ்டூலில் தம்பி அசைந்தான். விஷக்கா எழுந்து கையுறை மாட்டி, கேனை மெதுவாக எடுத்து ஆசிட் தொட்டிக்குள் வைத்தாள்.

"கொழந்த இருக்கா?"

"பொண்ணு. எங்க அக்கா வீட்ல விட்டுட்டுத்தான் வந்தேன்."

"நீயும் அங்கயே போ. திரும்பி அந்த வீட்டுக்குப் போகாத. இரு, மேஸ்திரி கிட்ட சொல்லி போலீசுக்கு..."

பேச்சு முடிவதற்குள் மோட்டார் பைக் வந்து நின்றது. இறங்கியவன் ஒல்லியாக, சுத்தமான சட்டையோடு, தலை வாரியிருந்தான். ரோட்டில் பார்த்தால் வழி கேட்கத் தோன்றுகிற முகம். மனைவியைப் பார்க்காமல் விஷக்காவிடம் சிரித்தான்.

"கடைச் சாமான்க்கா. புரியாம எடுத்துட்டு வந்துட்டா. குடுத்துடுங்க."

"உள்ள வந்தது வெளிய போகாது."

"என் சாமான்."

"தெரியும். அதனாலதான் தரமாட்டேன்."

அவன் தலையாட்டினான், ஏதோ ஒத்துக்கொண்டதுபோல. அப்படியே திரும்பி மனைவியின் பின்னந்தலையில் ஓங்கி அடித்தான். அவள் குழல் விளக்குப் பெட்டிமேல் போய் விழுந்தாள். விளக்குகள் சடசடவென்று வெடித்தன. எழப்போனவளை முடியைப் பிடித்து நிமிர்த்தி முகத்தில் குத்தினான். விஷக்கா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் முழங்கையைப் பின்னால் வீசினான். அது வாயில் விழுந்து முன்பல் ஒன்று உடைந்தது. அவள் தடுமாறிய அந்தக் கணத்தில் அவன் தொட்டியிலிருந்து கேனை எடுத்து மூடியைத் திருகிவிட்டான்.

"அக்கா! எங்க இருக்கான்?" தம்பி எழுந்து நின்று கத்தினான்.

"எனக்கு நேரா! கையில ஆசிட்டு!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் தம்பி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குறுகினான். அவன் உடம்பு அதைத் தானாகச் செய்தது. அப்புறம் கையை எடுத்தான். நிழல் ஆடிய இடத்தைப் பார்த்து ஓடி வந்து, பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்து அவனைக் கட்டிப் பிடித்தான். பேட்டரிக்காரன் கேனைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். விஷக்கா மணல் வாளியை மணலோடு சுழற்றி அவன் மணிக்கட்டில் அடித்தாள். கேன் நழுவி, வாய் திறந்தபடி, அவன் தொடைமேல் விழுந்து கால் வழியே இறங்கியது. சிதறியதில் கொஞ்சம் விஷக்காவின் இடது கையில் பட்டது.

முதலில் அவன் கீழே பார்த்தான். பேன்ட் கறுத்துக்கொண்டிருந்தது. பிறகுதான் வலி ஏறியது. அவன் போட்ட அலறலில் கிடங்கு முழுக்க வேலை நின்றது. தம்பியை உதறிவிட்டு பைக்கை நோக்கி ஓடினான்.

"ஓடாத! டேய் ஓடாத, இங்க வா, தண்ணி!"

அவன் கேட்கிற நிலையில் இல்லை. விஷக்கா துரத்திப் போய்ப் பின்னங்கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளி, தரையோடு இழுத்துக் குழாயடிக்குக் கொண்டுவந்தாள். பேன்ட்டைக் கத்தரியால் கிழித்தெறிந்தாள். ரப்பர் குழாயைத் தொடையில் பிடித்தாள். அவன் உதைத்தான். கன்னத்தில் ஒன்று விட்டாள். கடித்தான். இன்னொன்று விட்டாள். "அசையாத! அசஞ்சா கொன்னுடுவேன்! அசையாம கெட!" என்று கத்திக்கொண்டே கழுவினாள்.

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். "விடுக்கா. வேகட்டும்."

"டேய், தண்ணி பத்தல. குழாய்த் திருக முழுசாத் தொற."

"மாட்டேன்."

"தொறடா!"

"எனக்கு ஊத்துனவன் தெரியாம ஊத்துனான். இவன் தெரிஞ்சே ஊத்த வந்தவன். வேகட்டும்னு சொல்றேன்ல!" திருகு அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் தொடவில்லை.

கண்ணாடித் தூளிலிருந்து எழுந்து வந்தது அந்தப் பெண்தான். உள்ளங்கையெல்லாம் கிழிந்து ரத்தம் வழிந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தரையில் கிடந்து அலறும் புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து திருகை முழுக்கத் திறந்தாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. "உங்க கை, அக்கா" என்றாள். அப்போதுதான் விஷக்கா தன் இடது கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே தோல் வெந்து சுருங்கியிருந்தது. அந்தப் பெண் ஒரு மக்கை எடுத்து, மொண்டு மொண்டு அந்தக் கையில் ஊற்ற ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

போலீஸ்காரர் வந்து பார்த்ததும், "மறுபடியும் நீதானாம்மா?" என்றார். பேட்டரிக்காரன் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, இவள்தான் என்மேல் ஊற்றினாள் என்றான். அவர் கை விலங்குப் பக்கம் போனது. அந்தப் பெண் வந்து நடுவில் நின்றாள். உதடு கிழிந்திருந்ததால் வார்த்தை குழறியது, ஆனாலும் பாத்ரூம் கதவில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். கோர்ட்டிலும் அதே கதையை அவள் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். அவனுக்குச் சிறை. கால் தப்பித்தது, நடை நேராக வரவில்லை. அந்தப் பெண் மகளோடு தன் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறாள் என்று கேள்வி.

அவனை ஏன் கழுவினாய் என்று பலரும் கேட்டார்கள். "நல்லவன்னு நெனச்சுக் கழுவல. அடிக்கணும்னுதான் கை பரபரத்தது, அடிக்கவும் செஞ்சேன். ஆனா கையில குழாய் இருந்தது. அத மூடிட்டு நிக்க எனக்கு வரல" என்பாள். அதற்குமேல் கேட்டால் வேலையைப் பார்க்கச் சொல்வாள்.

தம்பி கேட்கவில்லை. பேசவே இல்லை. அக்கா கையில் கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். "தட்ட இந்தப் பக்கம் திருப்பு" என்றால் எழுந்து போய்விடுவான். அவன் மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி மாதிரி ஆகிவிட்டாள். "அண்ணி சாப்பிடச் சொல்றாங்க." "பசிக்கலன்னு சொல்லு." இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள்.

ஒரு சாயங்காலம் அது வெடித்தது.

"என் மூஞ்சிக்குத் தண்ணி தேடித்தான் நீ அந்த கேட்டு ஏறிக் குதிச்ச. ஒரு ஆளோட தாடைய ஒடச்ச. ஜெயிலுக்குப் போன. அவனுக்கும் அதே தண்ணியாக்கா?"

"அதே தண்ணிதான்டா. வேற தண்ணி எங்கிட்ட இல்ல."

அவன் சுவரில் குத்தினான். மறுபடி குத்தினான். காரை பெயர்ந்து விழுந்தது. விரல் முட்டி கிழிந்து சுவர் சிவந்தது. விஷக்கா தடுக்கவில்லை, கட்டுப் போட்ட கையோடு அவளால் முடியவும் முடியாது. கை ஓய்ந்ததும் அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதான். கண்ணீர் வருகிற கண் ஒன்றுதான். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் தள்ளிவிடவில்லை.

மனைவி மருந்தும் பஞ்சுமாக வந்தாள். முட்டியைத் துடைத்துக்கொண்டே, "வாடகை வீட்டுச் சுவரு. இத அடிக்கறதுக்கு பதிலா உருப்படியா எதையாவது அடிங்க" என்றாள்.

அவள் சும்மா சொன்னது. விஷக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். கொட்டகையில் பெயிண்ட் காலியாகிக் காய்ந்துபோன டப்பாக்கள் மலையாகச் சேர்ந்து இடத்தை அடைத்தன. அவற்றைத் தட்டையாக்கினால்தான் லாரியில் ஏற்ற முடியும். யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. கை மரத்துப்போகும், காது போகும். அவள் மேஸ்திரியிடம் பேசினாள். மேஸ்திரி மேலே பேசினார். கொஞ்ச நாள் இழுத்தடித்த பிறகு தம்பிக்கு ஒரு இரும்புப் பலகையும், கனமான சுத்தியலும், காதுக்கு வைக்கும் மூடியும் வந்தன.

டப்பா காலியா, காய்ந்திருக்கிறதா என்று அக்கா பார்த்து எடுத்து வைப்பாள். அவன் தடவிப் பார்த்துப் பலகைமேல் நிறுத்துவான். இடது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். பிறகு அடி. முதல் நாள் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு வசவு. சில வசவுகளைக் கேட்டு, குழல் விளக்கு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் விளக்கோடு திரும்பிப் போய்விட்டார். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

கிடங்கு அலுவலகத்தில் இருந்தவர்கள் தலைவலி என்று மேஸ்திரியிடம் முறையிட்டார்கள். அவர் கொட்டகைக்கு வந்து, "கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லும்மா" என்றார்.

"நீங்களே சொல்லுங்க. காதுல மூடி வச்சிருக்கான், கிட்டப் போய்த் தோளத் தட்டிச் சொல்லணும்."

மேஸ்திரி நாலடி போனார். சுத்தியல் அவன் தலைக்கு மேல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு டப்பா அப்பளமாகப் படுத்தது. அடுத்ததும் படுத்தது. அவர் திரும்பி வந்து, அவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டீ கொண்டுவரச் சொன்னார்.